ஆறு கட்டும் ஒரு பல்பும்

"அந்தப் பன்னண்டு மஞ்சக் கருவையும் உங்க தலையிலயே தேச்சு விடறேன், உக்காருங்க!"

"கத்தாதடி. கீழ கேக்கும்."

"கேக்கட்டும்! கீழ்வீட்டு அக்காவுக்குத் தெரியாதது இந்த வீட்டுல என்ன இருக்கு?"

இது அபாண்டம். எனக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது. அன்றைக்குச் சண்டை எப்போது ஆரம்பித்தது என்றே எனக்குத் தெரியாது. தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் முதல் கால் மணி நேரத்தைத் தவறவிட்டுவிட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு, துணி உலர்த்தும் சாக்கில் வாளியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் போய் நின்றேன். வாளியில் துணி இல்லை. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

"ஊரெல்லாம் வெளக்கு போடற ஆளு," மேலே குரல் இன்னும் ஏறியது. "நம்ம பாத்ரூம் பல்பு ஃப்யூஸ் போனா நான் ஸ்டூல் போட்டு ஏறி மாத்தறேன். கேட்டா தெம்பு இல்லையாம். முந்நூறு தடவ படுத்துப் படுத்து எந்திரிக்க மட்டும் தெம்பு இருக்கோ?"

"அது ஆபீஸ் வேலைடி."

"படுத்து எந்திரிக்கறதா ஆபீஸ் வேலை?"

பாவம், என்ன சொல்வார்? உண்மையிலேயே அதுதான் ஆபீஸ் வேலை.

மேல்வீட்டுக்காரரை எல்லோரும் ஒயர் என்றுதான் கூப்பிடுவோம். எலக்ட்ரீஷியன் என்பதால் மட்டுமில்லை. ஆளும் அப்படித்தான். கை ஒல்லி, கால் ஒல்லி, கழுத்து ஒல்லி. நடுவில் மட்டும் ஒயரில் முடிச்சு போட்ட மாதிரி ஒரு சின்னத் தொப்பை. பொதுக்கட்டடப் பராமரிப்புத் துறையில் பதினோரு வருஷமாகத் தற்காலிகப் பணியாளர். பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ, எங்கே விளக்கு அணைந்தாலும் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு இவர்தான் போவார். நாற்பது வயதுக்குள் நிரந்தரம் ஆகாதவர்களை, நாற்பதாவது பிறந்தநாளன்று கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவது அந்தத் துறையின் விதி. ஒயருக்கு அப்போது முப்பத்தொன்பதரை. நிரந்தரம் ஆனால் வேலை தங்கும், துறைக் குடியிருப்பில் வீடு கிடைக்கும். ஆகாவிட்டால் மிச்சம், மழைக்கு நாலு இடத்தில் ஒழுகும் மேல்வீடும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான்.

பதினோரு வருஷம் ஏணி ஏறியவரை நிரந்தரமாக்க என்ன தடை என்று கேட்பீர்கள். வயிறுதான் தடை.

நாலு வருஷத்துக்கு முன்னால் துறை இயக்குநர் ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போனார். அங்கே கொடுத்த புத்தகத்தின் அட்டையில், சட்டை போடாத ஒரு தொழிலாளி கையில் சுத்தியலோடு நின்றிருக்கிறான். வயிற்றில் ஆறு கட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக. இயக்குநர் அட்டையைத் தாண்டிப் படிக்கவில்லை. திரும்பி வந்த மறுநாளே ஒரு சுற்றறிக்கை: 'களப்பணியாளர் எவரையும், அவரது வயிற்றுத் தசைக் கட்டுகள் ஆறும் வெறும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தாலன்றி, நிரந்தரப் பணியில் அமர்த்தலாகாது.' இதை நிறைவேற்ற ஒரு வாரியம் வந்தது. உடற்கட்டுச் சான்று வாரியம் என்று பெயர்ப்பலகை. நாங்கள் வயிற்று ஆபீஸ் என்போம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. நாற்பதுக்குள் ஒயருக்கு மிச்சமிருந்தவை மூன்று.

முதலாவதில் டோக்கன் வாங்கினார், சட்டையைக் கழற்றினார், நின்றார். குமாஸ்தா எதிரே வந்து தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். சுற்றறிக்கையில் வெறும் கண் என்று இருக்கிறதல்லவா, கண்ணாடி போட்டுப் பார்த்தால் விதிமீறல். கண்ணாடி இல்லாமல் அவருக்கு மேஜையே தெரியாது. கையை நீட்டித் தடவி, வயிறு எங்கே இருக்கிறது என்று முதலில் உறுதி செய்துகொண்டார். பிறகு ஃபைலில் எழுதினார்: 'வயிறு உள்ளது. கட்டுகள் ஆஜராகவில்லை.'

வெளியே வந்த ஒயரை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண். எல்லோருக்கும் ஒரே அச்சடித்த தாள்தான் கொடுப்பாள். தினம் பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக் கரு, வேகவைத்த கோழி, வெள்ளரிக்காய், உப்பில்லாத எதுவாயினும். எதிர் அறையில் பயிற்சியாளர். ஃபைல் அலமாரிகளுக்கு நடுவே பாயை விரித்து, முந்நூறு தடவை படுத்து எழ வேண்டும். எண்ணுவதற்குத் தனியாக ஓர் ஆள். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் எழுந்தவை எண்ணிக்கையில் சேராது. ஒயர் பல நாள் ஐந்நூறு எழுந்து முந்நூறுக்குக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்.

அன்றைய சண்டை இந்தக் கட்டத்தில்தான். நான் பொறுக்க மாட்டாமல் வாளியோடு மேலே போனேன்.

"ஏம்மா, எதுக்கு இவ்ளோ சத்தம்? மஞ்சக் கருவ வீணாக்காத. எங்கிட்டக் குடு."

"வாங்கக்கா. வாளியில என்ன?"

"காத்து," என்றேன். கேட்டாளே!

அன்றிலிருந்து தினமும் காலை ஒரு கிண்ணம் மஞ்சள் கரு என் வீட்டுக்கு வந்தது. வந்ததைத் தட்டக் கூடாது என்று சாப்பிட்டேன். ஒரு மாதத்தில் ஒயரின் பேண்ட்டை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். அதே வாரம் என் ரவிக்கையை இரண்டு பக்கமும் பிரித்துவிட்டேன். துறை யாருக்குச் சத்துணவு போடுகிறது என்று எனக்கே சந்தேகம் வந்தது.

இரண்டாம் மாதம் தாள் மாறியது. வெள்ளைக் கருவினால் பயனில்லை, மஞ்சள் கருவில்தான் எல்லாம் இருக்கிறது, இது சென்ற மாதம் முதல் தேதியிலிருந்தே அமலுக்கு வருகிறது என்று புதுத் தாள். மேல்வீட்டுக்காரி கையைப் பிசைந்துகொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. போன மாசத்து மஞ்சக் கருவு ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இருக்கு," என்று என் இடுப்பைக் காட்டினேன். "எடுத்துக்க முடிஞ்சா எடுத்துக்கோ."

சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. "முந்தாநாள் நூலகத்துல ஏணி மேலயே தல சுத்திருச்சாம்க்கா. சின்னவ சாப்பிடறப்போ தட்டையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. குழந்த பயந்துபோய் தட்ட எடுத்துட்டு வேற ரூமுக்குப் போயிடறா."

எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆலோசகர் பெண்ணின் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் வைக்கும் வேலை அப்போது என்னிடம் இருந்தது. கொடுக்கப் போன சாக்கில், "ஏம்மா, உண்மையச் சொல்லு, எப்படித்தான் கட்டு தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துத் தானும் ஒன்று எடுத்துக்கொண்டாள். "கட்டு எல்லாருக்கும் இருக்குங்க. மேல இருக்கற கொழுப்பு கரையணும், அவ்ளோதான். அளவா சாப்பிடணும், வெயிட்டு தூக்கணும், நல்லாத் தூங்கணும், அவசரப்படக் கூடாது. சில பேருக்கு உடம்புவாகே அப்படி, என்ன பண்ணாலும் தெரியாது."

"அதத் தாள்ல போடறதுதான?"

"தூக்கம்னு ஒரு கட்டம் போட்டேங்க. தலைவர் கையெழுத்துக்கு எடம் பத்தலன்னு எடுத்துட்டாங்க."

இரண்டாவது பரிசோதனையும் வந்து போனது. குறிப்பில் கொஞ்சம் முன்னேற்றம்: 'இடப்பக்க மேற்புறத்தில் ஒன்று இருப்பதாகச் சந்தேகிக்கப்படுகிறது. ஏனைய ஐந்தும் ஆஜராகவில்லை.' இரண்டாம் தடவை பேண்ட்டைப் பிடித்தேன். பிறகு மூன்றாம் தடவை. ஒயர் சண்டை போடுவதைக்கூட நிறுத்திவிட்டார். படிக்கட்டுக்கு அடியில் நின்றால் மேலிருந்து தட்டு கழுவும் சத்தம் மட்டும்தான் வரும். இந்தத் தெருவில் அதைவிடக் கெட்ட சத்தம் நான் கேட்டதில்லை.

கடைசிப் பரிசோதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது, உச்சி வெயிலில் மொட்டை மாடிக்குப் போனேன். இந்தத் தடவை வாளியில் நிஜமாகவே துணி இருந்தது. ஒயர் சட்டை இல்லாமல் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நின்றார். வெயில் நேர் மேலேயிருந்து விழுந்தது. நான் துணியை அப்படியே போட்டுவிட்டேன்.

"தம்பி, அசையாத. அப்படியே நில்லு."

"என்னக்கா, பூரானா?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." விரலை நீட்டி எண்ணினேன். "ஆறு! ஏ பொண்ணே, இங்க ஓடி வா, ஒம் புருஷனுக்கு ஆறும் வந்திருச்சு!"

அவள் ஓடி வந்தாள். எண்ணினாள். எதிர்வீட்டு ஜன்னலில் இருந்தும் யாரோ எண்ணினார்கள். அவர்களுக்கும் ஆறுதான். ஒயர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். ஆறு மாதத்துக்கு அப்புறம் அந்த முகத்தில் பல்லைப் பார்த்தேன்.

கடைசிப் பரிசோதனை ஒரு புதன்கிழமை. அடுத்த செவ்வாய் அவருக்கு நாற்பது. இறுதி வாய்ப்பு என்பதால் அக்கம்பக்கத்தார் ஒருவர் சாட்சிக்கு வர வேண்டும், சட்டையைப் பிடித்துக்கொள்ள உறவினர் ஒருவர் வர வேண்டும் என்று விதி. சட்டையை நாற்காலியில் தொங்கவிட்டால் அது தளவாடத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாம். சாட்சி நான். சட்டைக்கு மனைவி. போகும் வழியில் என் தையல் மேஜைக்கு ஒரு பல்பு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். கண் மங்கிக்கொண்டே வருகிறது.

காத்திருந்தது நாங்கள் மூன்று பேர்தான். இருந்தாலும் குமாஸ்தா வாசலில் நின்று, "டோக்கன் ஒண்ணு! டோக்கன் ஒண்ணு! டோக்கன் ஒண்ணு!" என்று மூன்று தடவை கத்தினார்.

உள்ளே நீளமான மேஜை. அதன் பின்னால் தலைவர். அவருக்கு முன்னால் மேஜைமேல், ஃபைலுக்குப் பக்கத்தில், அவருடைய வயிறு. முதுகுக்குப் பின்னால் பெரிய ஜன்னல். நான் முதலில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன்: 'விண்ணப்பதாரர் கொண்டுவந்துள்ள வயிறு அவருடைய சொந்த வயிறே என்று அறிவேன்.' ஒயர் சட்டையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு, தரையில் வரைந்திருந்த வட்டத்துக்குள் போய் நின்றார்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "நீங்க நினைக்கலாம், இவர் வயிறு மேஜைல கெடக்கு, இவர் நம்ம வயித்தப் பாக்கறாரேன்னு."

"நான் அப்படி நினைக்கலீங்க," என்றார் ஒயர்.

"நினைச்சாலும் தப்பில்ல. என்னோடது நிர்வாக வயிறு. உங்களோடது களப்பணி வயிறு. விதியில ரெண்டும் வேற வேற. அது போக, வாரியம் தொடங்கின அன்னிக்கே ஒண்ணாம் நம்பர் சான்று எனக்குக் குடுத்துட்டாங்க. யாராவது ஒருத்தர் மொதல்ல வாங்கியிருந்தாத்தான அடுத்தவங்களுக்குக் குடுக்க முடியும்? என் கட்டு ஆறும் உள்ள இருக்கு. சான்று வெளிய, சுவத்துல இருக்கு. வெளிய இருக்கறவங்களுக்கு எது தெரியணுமோ அது தெரியுது. சரி, ஆரம்பிங்க."

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றினார். தடவிக்கொண்டே வந்தார். குனிந்து பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழுந்து, மாடியில் எண்ணிய ஆறும் மாயமாகிப் போயிருந்தன. வயிறு மாவு தேய்த்த பலகை மாதிரி மொழுமொழுவென்று இருந்தது.

"ஆஜராகல," என்றார் குமாஸ்தா.

"ஐயா," ஒயர் அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு நேர் மேலே ஒரு பல்பு, கரி படிந்து செத்துக் கிடந்தது. "வெளிச்சம் மேலேர்ந்து விழுந்தாத்தாங்க மேடு பள்ளம் தெரியும். அந்த பல்பு ஃப்யூஸ் போயிருக்கு. ரெண்டே நிமிஷம், நான் மாத்திடறேன்."

"நீங்க நிரந்தரமா?"

"இல்லீங்க. அதுக்குத்தாங்க வந்திருக்கேன்."

"தலைமை அலுவலகத்துல நிரந்தர எலக்ட்ரீஷியன் மட்டும்தான் பல்ப தொடலாம். நீங்க தொட்டா வேலையே போயிடும்."

"அப்ப அவரக் கூப்பிடுங்களேன்," என்றேன். சாட்சி பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"அவர் ரிட்டயராகி நாலு வருஷம் ஆச்சும்மா. அவர் போன மறுவாரம் பல்பும் போச்சு. புது ஆள் நிரந்தரம் ஆனதும் மொத வேலையா அதத்தான் மாத்தச் சொல்லப் போறோம்."

"இந்த நாலு வருஷத்துல எத்தன பேர் பாஸாயிருக்காங்க?"

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வயிறும் கூடவே நிமிர்ந்தது. "ஒருத்தர்கூட இல்ல. தவறான சான்று ஒண்ணுகூட வழங்கினதில்லைங்கறதுதான் இந்த வாரியத்தோட பெருமை."

ஒயர் வட்டத்துக்குள்ளேயே நின்றார். பதினோரு வருஷமாக ஊருக்கெல்லாம் விளக்கு போட்ட கை ரெண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. "ஆறு மாசம்ங்க," என்றார். "ஆறு மாசமா நான் சாப்பிடலீங்க."

மேல்வீட்டுக்காரி அவரைப் பார்த்தாள். பல்பைப் பார்த்தாள். சட்டையை என் தோளில் போட்டாள். என் பையில் கைவிட்டுப் புதுப் பல்பை எடுத்தாள்.

"அம்மா, சட்டை கை மாறக் கூடாது!" என்று குமாஸ்தா வேறு பக்கம் பார்த்துக் கத்தினார்.

அவள் அவருடைய நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். "எங்க பாத்ரூமவிட உசரம் கம்மிதான்," என்று சொல்லிக்கொண்டே பழையதைக் கழற்றி, புதியதைச் செருகி, ஒரு திருகு. சுவிட்ச் நாலு வருஷமாகப் போட்டபடியே இருந்திருக்கிறது. குபீரென்று எரிந்தது.

ஆறும் வந்து நின்றன. கண்ணாடி இல்லாத குமாஸ்தாகூட வாயைப் பிளந்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "ஆறுங்க! ஐயா, ஆறும் இருக்குங்க!" தலைவர் எழுந்து எட்டிப் பார்த்தார். சுற்றறிக்கை வந்த நாளிலிருந்து அவரும் முதல் தடவையாகப் பார்க்கிறார் போலிருக்கிறது. "ஓ, இப்படித்தான் இருக்குமா?" என்றார்.

நான் கைதட்டப் போனேன். அதற்குள் குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"பரிசோதனை நேரம் பதினொண்ணேகாலோட முடிஞ்சுதுங்க. வெளக்கு எரிஞ்சது பதினொண்ணு இருபதுக்கு. நேரத்துக்கு அப்புறம் தெரிஞ்ச கட்டு சேராது. அடுத்தது மூணு மாசம் கழிச்சு."

"செவ்வாய்க்கெழம எனக்கு நாப்பதுங்க!"

"வாழ்த்துகள்," என்றார் தலைவர்.

நான் வாயைத் திறந்தேன். என்ன வந்திருக்குமோ எனக்கே தெரியாது. ஆனால் குமாஸ்தா ஒரு தடித்த பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று வெளிறிப்போனார்.

"ஐயா, பல்பு எரியுது."

"எரியட்டுமே."

"யார் மாத்தினான்னு பதிவேட்டுல எழுதணுங்க. நிரந்தர எலக்ட்ரீஷியன் பேர்தான் எழுதலாம். எழுதலன்னா விதிமீறி எரியற பல்பு. மேலிடத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"அப்ப கழட்டிடு."

"கழட்டறதும் நிரந்தர எலக்ட்ரீஷியன்தாங்க செய்யணும்."

"சுவிட்ச அணைச்சுடு!"

"அந்த அதிகாரமும் அவருக்குத்தாங்க."

பல்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. நல்ல பல்பு, நான் பார்த்துப் பொறுக்கி வாங்கியது. தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேல்வீட்டுக்காரியைப் பார்த்து, அதுவரை அந்த அறையில் யாரிடமும் காட்டாத மரியாதையோடு சொன்னார்:

"உக்காருங்கம்மா. விதிப்படி, இந்த அலுவலகத்துல ஒரு பல்பு மாறியிருக்குன்னா, மாத்தினவங்க நிரந்தர எலக்ட்ரீஷியனாத்தான் இருக்கணும். அதனால நீங்க நிரந்தர எலக்ட்ரீஷியன். இன்னிக்கு தேதியில உத்தரவு போட்டுடறோம். குடியிருப்புல வீடும் உண்டு."

"எனக்கு வயித்துப் பரிசோதனை?"

"அது நிரந்தரம் ஆகறதுக்குத்தானம்மா. நீங்கதான் ஆயிட்டீங்களே."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் சட்டையில்லாமல் வட்டத்துக்குள்ளேயே நின்றிருந்தார், ஆறு கட்டும் பளிச்சென்று தெரிய.

"என்னங்க, பண்ணட்டுமா?" மெதுவாகத்தான் கேட்டாள். இருந்தாலும் என் காதில் விழுந்தது.

அவர் என் தோளிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டார். நான்தான் சரி செய்துவிட்டேன்.

"பண்ணு," என்றார். "பிள்ளைங்க சாப்பிடணும்ல."

பேனாவை வாங்கி அவள் கையெழுத்துப் போட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆலோசகர் பெண் வேலையை விட்டுவிட்டு அந்தப் பயிற்சியாளரையே கல்யாணம் செய்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அங்கே ரெண்டு பேருமாக பேக்கரி நடத்துவதாகக் கேள்வி. தலைவர் பதவி உயர்ந்து தலைநகரத்துக்குப் போனார். போகும்போது ஒண்ணாம் நம்பர் சான்றைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனார். கழற்றிக் கொடுத்தது மேல்வீட்டுக்காரிதான், அந்தச் சுவரில் ஏணி சாத்த வேறு யாருக்கும் அதிகாரம் கிடையாது. என் பல்பின் கீழே இப்போது மூன்று மாதத்துக்கு ரெண்டு பேராவது பாஸாகிறார்களாம். இது விதிகளில் ஏற்பட்ட தளர்ச்சியோ என்று விசாரிக்கத் தனியாக ஒரு குழு போட்டிருக்கிறார்கள்.

மேல்வீட்டுக் குடும்பம் துறைக் குடியிருப்புக்குக் குடிபோய்விட்டது. மேலே இப்போது இருப்பவர்கள் சண்டையே போடுவதில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நின்று நின்று எனக்குக் கால்தான் வலிக்கிறது.

போன வாரம் ஒயர் வந்தார். வீட்டில் சமையல் அவர்தானாம். முடிச்சு பழைய இடத்துக்கே வந்திருந்தது, முன்னைவிடக் கொஞ்சம் பெரிதாக. கையில் அந்த பேண்ட்.

"பிரிச்சு விடுங்கக்கா."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும்."

மூன்று தடவை பிடித்த தையலையும் பிரித்தேன். துணியை இஸ்திரி போட்டு எவ்வளவு தேய்த்தாலும் பழைய தையல் தடம் போகவில்லை. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"விட்டுடுங்கக்கா, இருக்கட்டும்," என்றார்.

எண்ணிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போடாமலே தெரிந்தது. ஆறு.